புரூஸ் லீ, பிரெட் லீ, லீ குவான் இயூ எல்லாம் சொந்தக்காரங்களா? ‘லீ’ங்கிற பேரு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியன் டிராமா பாக்குறவங்க, சிங்கப்பூர்ல வேலை பாக்குறவங்க, கிரிக்கெட் பாக்குறவங்க, கணக்கு படிக்கிறவங்க எல்லாருமே எங்கயாவது ஒரு லீயை சந்திச்சிருப்பீங்க. இந்தப் பேரு பத்தி எங்கிட்ட வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல போட்டு வெச்சுட்டா திரும்பத் திரும்ப டைப் பண்ண வேணாம்னுதான் இது.

புரூஸ் லீயும் பிரெட் லீயும் ஒரே வம்சமா? ரெண்டு பேருக்கும் அதே எழுத்துதானே?

சம்பந்தமே இல்ல. புரூஸ் லீயோட லீ சீனப் பேரு, ஆஸ்திரேலியா ஃபாஸ்ட் பௌலர் பிரெட் லீயோடது இங்கிலீஷ் பக்கத்து லீ. இங்கிலீஷ் எழுத்துல எழுதும்போது ரெண்டும் ஒரே மாதிரி வந்து நிக்குது, அவ்ளோதான். உலகத்துல வேற வேற மூலையில தனித்தனியா பொறந்த பேருங்க இந்த எழுத்துக்கூட்டல்ல வந்து மோதிக்கிச்சு. அதனால லீன்னு எழுதியிருக்கிறத மட்டும் பாத்துட்டு இவங்க எந்த ஊர்க்காரங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது.

அப்போ மொத்தம் எத்தனை விதமான லீ இருக்கு?

பெருசா சொல்லணும்னா சீன லீ ஒண்ணு, அதே சீன எழுத்தை எடுத்துக்கிட்டு தங்களோடதாவே ஆக்கிக்கிட்ட கொரிய லீ, வியட்நாம் லி, அப்புறம் இங்கிலாந்து லீ, அயர்லாந்து லீ, நார்வே லீ, லாவோஸ்-வியட்நாம் மலைப்பக்கத்து ம்ஹாங் மக்களோட லீ குலம், இது போக சும்மா புடிச்சிருக்குன்னு வெச்சுக்கிட்ட சினிமாக்காரங்க, எழுத்தாளருங்க லீ. சீனாவுக்குள்ளயே வேற வேற எழுத்து இருக்கிற ரெண்டு மூணு பேரு வெளியூர்ல லீன்னு மாறிடுது. ஹாங்காங்ல லீ கார்டன்ஸ்னு பெரிய இடம் ஒண்ணு இருக்கே, அந்தக் குடும்பத்து லீயும் புரூஸ் லீயோட லீயும் சீனத்துல எழுதினா வேற வேற எழுத்து.

சீனத்துல லீன்னா என்ன அர்த்தம்?

பிளம் பழம், பிளம் மரம். எழுத்தைப் பாத்தீங்கன்னா மேல ‘மரம்’, கீழ ‘பிள்ளை’, ரெண்டையும் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். அதுக்காக இவங்க முன்னோருங்க பிளம் தோட்டம் வெச்சிருந்தாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இதுக்கு சீனாவுல ஒரு கதை சொல்லுவாங்க. ரொம்ப காலத்துக்கு முன்னாடி காவ் யாவ்னு ஒரு பெரிய நீதிபதி, அவரு வம்சத்துக்கு நீதிபதிங்கிற பதவியே பேரா ஆயிடுச்சு, அந்தப் பேரும் ‘லி’தான், ஆனா எழுத்து வேற. அந்த வம்சத்துல வந்த ஒருத்தரை ஷாங் வம்சத்துக் கடைசி ராஜா கொன்னுட்டான், அவரோட மனைவி மகனைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க, வழியில சாப்பாடு இல்லாம சாகப்போற நேரத்துல ஒரு மரத்துல பழம் இருந்துச்சு, அதைத் தின்னு பொழைச்சாங்க. அந்த நன்றிக்காகவும் ராஜாவோட ஆளுங்க கண்டுபிடிக்காம இருக்கவும் அதே சத்தம் வர்ற பிளம் எழுத்துக்கு மாறிட்டாங்களாம். வரலாறு இல்ல, கதை. தாவோ மதத்தைத் தொடங்கினவரா சொல்ற லாவோட்சுவையும் லீ வம்சம்னுதான் மரபு சொல்லுது.

சீனாவுல இத்தனை கோடி லீ எப்படி வந்தாங்க?

இப்ப அங்க 10 கோடிக்கு மேல இருக்காங்க. வாங் முதல் இடம், லீ ரெண்டாவது, ரெண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். தமிழ்நாட்டோட மொத்த ஜனத்தொகையை விட அதிகம், யோசிச்சுப் பாருங்க.

பொண்டாட்டி புள்ளைன்னு பெருகிப் பெருகி மட்டும் இவ்ளோ வரல, இதுல அரசியல் இருக்கு. 618லருந்து 907 வரைக்கும் சீனாவை ஆண்ட தாங் வம்சத்தோட குடும்பப் பேரே லீதான். அந்த ராஜாக்கள் யாராவது நல்லா சேவை செஞ்சா, இல்ல ஒரு எல்லைப்புறத் தலைவனைத் தங்க பக்கம் இழுக்கணும்னா, தங்க குடும்பப் பேரையே பரிசா குடுத்துடுவாங்க. நிலம் குடுக்குறதை விட இது செலவு கம்மி, கௌரவம் அதிகம், நல்ல யாவாரம்தான். ஷூ ஷிஜின்னு ஒரு தளபதி அப்படித்தான் லீ ஆனாரு. ஷாத்தோங்கிற துருக்கிய இனத் தலைவன் ஒருத்தருக்கும் இந்தப் பேரு கெடைச்சது, அவரோட பேரன் லீ சுன்ஷூ 923ல ‘பின்வந்த தாங்’னு தனி அரசையே ஆரம்பிச்சுட்டாரு. திபெத் பக்கத்து டாங்குட் இனத் தலைவருங்களுக்கும் கெடைச்சது. அதனால இன்னைக்கு சீனாவுல லீன்னு இருக்கிறவங்கள்ல துருக்கிய ரத்தமும் இருக்கு, திபெத் பக்கத்து ரத்தமும் இருக்கு. தாங் ராஜகுடும்பமே சுத்த சீனக் குடும்பம் இல்ல, வடக்குல இருந்து வந்த ஷியான்பெய் இனத்துல பொண்ணு எடுத்தவங்கதான், முதல் ராஜாவோட அம்மாவே அந்த வழி.

மீன் சாப்பிடக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சாமே?

ஆமா, இது நிஜம்தான். கெண்டை மீனுக்கும் சீனத்துல ‘லி’ன்னுதான் சத்தம். ராஜா பேரு லீ, மீனு பேரும் லீ, அப்போ ராஜாவைப் புடிச்சு குழம்பு வைக்கிறதா? தாங் காலத்துல கெண்டை சிக்குனா திருப்பி ஆத்துல விட்டுடணும், வித்து மாட்டுனா 60 அடின்னு அந்தக் காலத்துப் புத்தகமே சொல்லுது. ஜனங்க உண்மையிலயே சாப்பிடாம இருந்தாங்களான்னா, அதான் இல்ல. தாங் காலத்துக் கவிதைங்கள்லயே கெண்டை மீன் சமையல் வருது.

ஒருத்தர் லி, ஒருத்தர் லீ, ஒருத்தர் லெய்னு எழுதுறாங்களே, எல்லாம் ஒண்ணா?

பிளம் எழுத்து வெச்சிருக்கிறவங்கன்னா ஒண்ணுதான். எந்த ஆட்சியில, எந்த ஊர்ல, எந்தக் குமாஸ்தா எழுதினாருங்கிறதுதான் வித்தியாசம். சீனாவுக்குள்ள இப்ப பின்யின்ங்கிற, சீனத்தை இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறைப்படி எல்லாரும் குறில் லி. பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர்ல லீ. போர்ச்சுகல் ஆண்ட மக்காவ்ல லெய். டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியாவுல லீன்னு சொல்லிட்டு கடைசியில ‘ஐஇ’ போட்டு எழுதுவாங்க, இங்கிலீஷ்காரன் படிச்சா ‘லை’ன்னு, அதாவது பொய்னு படிப்பான், பாவம்.

ஆனா வியட்நாம்ல ‘லே’ன்னு ஒரு பேரு ரொம்ப பரவலா இருக்கு, அது வேற எழுத்து. இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

யூத லீ இருக்காங்களாமே சீனாவுல?

கைஃபெங்னு ஒரு ஊர்ல நூத்துக்கணக்கான வருஷமா யூதக் குடும்பங்க இருந்தாங்க, அவங்க எடுத்துக்கிட்ட ஏழு எட்டு சீனப் பேருங்கள்ல லீயும் ஒண்ணு. லேவிங்கிற எபிரேயப் பேரோட சத்தத்துக்குக் கிட்ட இருக்குன்னு இதை எடுத்திருப்பாங்கன்னு கருதுறாங்க.

கொரியா லீ எல்லாம் சீனாவுல இருந்து வந்தவங்களா?

எழுத்து வந்தது சீனாவுல இருந்து, ஆளுங்க எல்லாரும் இல்ல. கொரிய ராஜாக்களும் பெரிய குடும்பங்களும் சீன மாதிரிப் பேரை எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் அது கீழ வரைக்கும் பரவுச்சு. அங்கயும் ஒரு ராஜ வம்சம் இருக்கு: 1392லருந்து 1910 வரைக்கும் ஆண்ட ஜோசன் வம்சம், தொடங்கினவரு யி சாங்-க்யே. யின்னாலும் லீன்னாலும் அதே பிளம் எழுத்துதான்.

2015 கணக்கெடுப்புப்படி தென்கொரியாவுல சுமார் 73 லட்சம் பேர் லீ, நூத்துக்குப் பதினஞ்சு பேர்னு வெச்சுக்கோங்க. கிம் 1 கோடியே 7 லட்சம் பக்கம், அது முதல் இடம். சாதாரண ஜனங்க, அடிமையா இருந்தவங்க இவங்களுக்கெல்லாம் ரொம்ப காலம் குடும்பப் பேரே கெடையாது. 1894ல சட்டப்படி சாதி அடுக்கை ஒழிச்சாங்க, 1909ல எல்லாரும் பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துச்சு. பேரு எழுதணும்னு வந்ததும் யாராவது சின்ன குடும்பப் பேரைப் போய் எடுப்பாங்களா, கிம், லீ, பார்க்னு பெரிய பேராத்தான் எடுத்தாங்க. அதனால ‘நான் ராஜ வம்சம்’னு ஒரு கொரிய லீ சொன்னா சிரிச்சு வெச்சுக்கோங்க, நிஜமாவும் இருக்கலாம், 1909ல தாத்தா எழுதிக் குடுத்ததாவும் இருக்கலாம்.

கொரியாவுல லீன்னுதான் கூப்பிடுவாங்களா?

இல்லீங்க, அங்க அது வெறும் ‘ஈ’! டிராமா நடிகர் லீ மின்-ஹோவை அவங்க ஊர்ல ஈ மின்-ஹோன்னுதான் சொல்லுவாங்க, டிராமாவை சப்டைட்டிலோட பாக்கும்போது காதைக் கொஞ்சம் தீட்டிக்கிட்டு கேளுங்க, தெரியும். தென்கொரியப் பேச்சுல வார்த்தை தொடக்கத்துல இந்த இடத்துல ‘ல’ சத்தம் விழுந்துடும். வடகொரியாவுல விழாது, அவங்க ‘ரி’ன்னு வெச்சுக்கிட்டாங்க. கிம் ஜாங்-உன் மனைவி ரி சோல்-ஜு, அங்க டிவியில உணர்ச்சி பொங்க செய்தி வாசிக்கிற அந்த அம்மா ரி சுன்-ஹி, ரெண்டு பேரும் இதே லீதான். பேரை எழுதுற விதத்தை வெச்சே வடக்கா தெக்கான்னு சொல்லிடலாம். தென்கொரியாவோட முதல் ஜனாதிபதி சிங்மன் ரீயும் இதே பேருதான், அவரு இங்கிலீஷ்ல வேற மாதிரி எழுதிக்கிட்டாரு.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய கம்பெனியில கொஞ்ச காலம் இருந்தேன். அங்க ‘லீ சார் கூப்பிடுறாரு’ன்னா எந்த லீ சார்னு கேக்காம யாரும் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டோம். ஷாப் ஃப்ளோர்ல பெரிய லீ, சின்ன லீ, கியூசி லீன்னு பேரு வெச்சிருந்தாங்க, சின்ன லீ உண்மையில வயசுல மூத்தவரு, உயரம்தான் கம்மி. கொரியாக்காரங்க தங்களுக்குள்ள பதவி சேத்துக் கூப்பிடுவாங்க, மேனேஜர்னா லீ குவாஜாங், அதுக்கு மேலன்னா லீ பூஜாங், கூட மரியாதைக்கு ஒரு ‘நிம்’. விசிட்டிங் கார்டு பாத்தா ரெண்டு பேரு லீன்னும் ஒருத்தரு யின்னும் போட்டிருப்பாங்க, திருப்பிப் பாத்தா மூணு கார்டுலயும் அதே சீன எழுத்து. யின்னு போட்டவரு வேற ஆளுன்னு நெனச்சு அக்கவுண்ட்ஸ்ல ஒரு பில்லை நிறுத்தி வெச்ச கூத்தெல்லாம் நடந்திருக்கு.

லீயும் லீயும் கல்யாணம் பண்ணிக்கலாமா?

கொரியாவுல இது பெரிய விஷயமா இருந்துச்சு. அங்க பேரு மட்டும் பத்தாது, ‘போன்-க்வான்’னு ஒண்ணு இருக்கு, குலத்தோட மூல ஊரு. ஜியோஞ்சு லீ, க்யோங்ஜு லீ, தோக்சு லீ, இன்சியோன் லீ, இப்படி நெறைய. ராஜ வம்சம் ஜியோஞ்சு லீ, இவங்க மட்டும் 26 லட்சத்துக்கு மேல. சாம்சங் குடும்பம் க்யோங்ஜு லீ. ஜப்பான் கப்பல்களை அடிச்சு நொறுக்குன கடற்படைத் தளபதி யி சுன்-சின் தோக்சு லீ.

ஒரே பேரு, ஒரே மூல ஊருன்னா பங்காளி. கொங்கு பக்கம் ஒரே கூட்டத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்ல, அதே கணக்கு, ஆனா அங்க வழக்கமா மட்டும் இல்லாம சட்டமாவே இருந்துச்சு, சிவில் சட்டம் 809ஆவது பிரிவு. 26 லட்சம் பேரு ஒருத்தருக்கொருத்தர் அண்ணன் தங்கச்சின்னா காலேஜ்ல காதலிக்கிற புள்ளைங்க கதி என்ன ஆகுறது? சேந்து வாழ்ந்து புள்ள பெத்தும் பதிவு பண்ண முடியாம கெடந்தவங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க. 1978, 1988, 1996னு மூணு தடவை மட்டும் ஒரு வருஷம் கதவைத் திறந்து விட்டு, அப்படி இருக்கிற ஜோடிங்களைப் பதிவு பண்ண விட்டாங்க. 1997ல அரசியல் சட்ட நீதிமன்றம் இந்தத் தடை செல்லாதுன்னுடுச்சு, 2005ல சட்டத்தையே மாத்திட்டாங்க. இப்ப நெருங்குன ரத்த உறவுக்கு மட்டும்தான் தடை. வேற வேற மூல ஊரு லீன்னா அப்பவும் பிரச்சினை இல்ல.

கல்யாணம் ஆனதும் பொண்ணு பேரு மாறாது, அதையும் சொல்லிடுறேன். லீ பொண்ணு கிம் பையனைக் கட்டிக்கிட்டாலும் சாகுற வரைக்கும் லீதான்.

கொரிய ராணி தமிழ்ப் பொண்ணுங்கிறாங்களே, அவங்களுக்கும் லீக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இது நெறைய பேருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்ல சுத்துற கதைய விடுங்க, மூலம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். 13ஆம் நூற்றாண்டுல எழுதின ‘சம்குக் யுசா’ங்கிற கொரிய நூல்ல, ஆயுத நாட்டுல இருந்து ஹியோ ஹ்வாங்-ஓக்னு 16 வயசு இளவரசி கி.பி. 48ல கப்பல்ல வந்து கொரியாவுல அப்ப இருந்த காயா நாட்டு ராஜா சுரோவைக் கட்டிக்கிட்டாங்கன்னு இருக்கு. ஆயுதன்னா அயோத்தின்னு ஒரு கட்சி, கன்னியாகுமரிப் பக்கம் ஆய் நாடுன்னு நம்ம ஆளுங்க ஒரு கட்சி, செம்பவளம்னு பேரே வெச்சாச்சு. நூல்ல இருக்கிறது ஆயுதங்கிற சொல்லு மட்டும்தான், அதுவும் சம்பவம் நடந்ததா சொல்றதுக்கு 1,200 வருஷம் கழிச்சு எழுதினது. என்னைக் கேட்டா தமிழ்னும் அடிச்சு சொல்ல முடியாது, அயோத்தின்னும் அடிச்சு சொல்ல முடியாது.

லீ எங்க வருதுன்னா, அந்த ராஜாவுக்கும் ராணிக்கும் பொறந்த பசங்கள்ல ரெண்டு பேருக்கு அம்மா பேரான ஹியோவைக் குடுத்தாங்கன்னு மரபு, மத்தவங்க கிம். அந்த ஹியோ வழியில வந்த ஹியோ கிங்கிறவரு 8ஆம் நூற்றாண்டுல தாங் சீனாவுக்குத் தூதரா போறாரு. அப்போ ஆன் லுஷான்ங்கிற தளபதியோட கலகம் வெடிச்சு ராஜா தலைநகரை விட்டே ஓடுறாரு, இவரும் கூடவே போய் துணையா நிக்கிறாரு. அதுக்குப் பரிசா ராஜா தன்னோட குடும்பப் பேரான லீயைக் குடுத்தாருன்னு சொல்றாங்க. அந்த வம்சம்தான் இன்சியோன் லீ. அதனால கிம்ஹே கிம், கிம்ஹே ஹியோ, இன்சியோன் லீ மூணு குலமும் தங்களை ஒரே ராஜா ராணி வழின்னு சொல்லிக்குவாங்க, மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொண்ணு குடுக்காம எடுக்காம இருந்ததும் அதனாலதான். உங்களுக்குத் தெரிஞ்ச கொரியா லீ ‘இன்சியோன் லீ’ன்னு சொன்னா இந்தக் கதைய எடுத்து விடுங்க, டீ நிச்சயம் வாங்கித் தருவாரு.

வியட்நாம் லீயும் அதே எழுத்தா?

அதே பிளம் எழுத்து, வியட்நாமியத்துல லின்னு வரும். 1009லருந்து 1225 வரைக்கும் ஆண்ட லி வம்சம்தான் இன்னைக்கு ஹனோய் இருக்கிற இடத்தைத் தலைநகரா ஆக்குனது. அப்புறம் சான் வம்சம் ஆட்சியைப் புடிச்சதும் 1232ல ஒரு உத்தரவு: லி பேரு வெச்சிருக்கிற எல்லாரும் ங்குயென்னு மாத்திக்கணும். பழைய ராஜா குடும்பத்தை ஜனங்க மறந்துடணும்ல. இன்னைக்கு வியட்நாம்ல எங்க திரும்பினாலும் ங்குயென்னு இருக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

மாத்திக்காம தப்பிச்ச ஒரு இளவரசர் உண்டு, லி லாங் துவாங். கப்பல் ஏறி கொரியா போய் சேந்தாரு, அங்க மங்கோலியருங்களை எதிர்த்துச் சண்டை போட உதவினதுக்கு நிலம், பட்டம்லாம் குடுத்தாங்கன்னு குலக்கதை சொல்லுது. அவரு வழின்னு சொல்லிக்கிறவங்கதான் ஹ்வாசான் லீ, இப்பவும் கொரியாவுல இருக்காங்க. 1990கள்ல அந்த வம்சத்துக்காரங்க வியட்நாம் போய் முன்னோர் கோயில்ல கும்பிட்டுட்டு வந்தாங்க, அங்க ராஜ மரியாதை. எழுநூறு வருஷம் கழிச்சுப் போயிருக்காங்க, நம்மாளுங்க குலதெய்வம் கோயிலுக்கு மூணு வருஷமா போகாம இருக்கோம்.

இங்கிலாந்து லீக்கு என்ன அர்த்தம்?

காட்டுக்கு நடுவுல மரத்தை வெட்டி வெளியாக்குன இடம், புல்வெளி. பழைய இங்கிலீஷ்ல ‘லேயா’ மாதிரி சத்தம் வர்ற சொல்லு. அந்த மாதிரி இடம் ஊருக்கு ஊரு இருந்துச்சு, அங்க குடியிருந்தவரை அந்த வெளிக்காரர்னு கூப்பிட்டு அதுவே பேரா ஆயிடுச்சு. அதனால இங்கிலாந்து லீக்களே ஒரே குடும்பம் கெடையாது, நம்ம ஊர்ல புதூர்க்காரர் எத்தனையோ பேர் இருக்காங்க, எல்லாரும் ஒரே புதூரா? ஆஷ்லி, பிராட்லி, ஸ்டான்லி இதுங்க கடைசியில வர்ற ‘லி’யும் இதே சொல்லுதான். இங்கிலாந்துல ரோமானி மக்கள் கிட்டயும் லீ ரொம்ப பரவலான குடும்பப் பேரு.

அமெரிக்காவுல லீன்னா வெள்ளைக்காரங்களா, ஆசியாக்காரங்களா?

2010 அமெரிக்க கணக்கெடுப்புல சுமார் 6 லட்சத்து 93 ஆயிரம் பேர் லீ, நாட்டுல 21ஆவது பரவலான பேரு. அதுல நூத்துக்கு 42 பேர் ஆசிய வம்சாவளி, 36 பேர் பக்கம் வெள்ளைக்காரங்க, 16 பேர் கருப்பின மக்கள். எனக்குத் தெரிஞ்சு இவ்ளோ கலந்து கிடக்கிற பெரிய பேரு அங்க ரொம்பக் குறைச்சல்.

வெள்ளைக்கார லீங்கள்ல பேரு போனது வர்ஜீனியா குடும்பம். ரிச்சர்ட் லீங்கிறவரு 1639 வாக்குல இங்கிலாந்துல இருந்து வந்தாரு. 1776 சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட ஒரே அண்ணன் தம்பி ஜோடி இந்தக் குடும்பம்தான். அதே குடும்பத்துல வந்தவருதான் அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறையைக் காப்பாத்த நின்ன தென்பகுதிப் படைத் தளபதி ராபர்ட் இ. லீ.

இங்கதான் ஒரு கூத்து. 2017 ஆகஸ்ட்ல அந்த ராபர்ட் இ. லீ சிலையை வெச்சு சார்லட்ஸ்வில் ஊர்ல பெரிய கலவரம் நடந்துச்சு. அதே ஊர் யுனிவர்சிட்டி ஃபுட்பால் மேட்சுக்கு வர்ணனை பண்ண ஈஎஸ்பிஎன் சேனல் போட்டிருந்த ஆளு பேரு ராபர்ட் லீ. ஆசிய வம்சாவளிக்காரர்! தளபதிக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா பேரு அப்படி இருக்கே, யாராவது மீம்ஸ் போடுவாங்கன்னு அவரை வேற மேட்சுக்கு மாத்திட்டாங்க. மாத்தாம இருந்திருந்தா யாருமே கவனிச்சிருக்க மாட்டாங்க, மாத்தினதுதான் உலகம் பூரா நியூஸ் ஆச்சு.

கருப்பின மக்களுக்கு லீ எப்படி வந்துச்சு?

அடிமை முறை காலத்துல முதலாளி பேரு ஒட்டிக்கிட்டது ஒரு வழி, 1865க்கு அப்புறம் விடுதலை ஆனவங்க தாங்களே ஒரு பேரை எடுத்துக்கிட்டது இன்னொரு வழி. எடுத்த பேரு கடைசி முதலாளி பேராத்தான் இருக்கணும்னு இல்ல, அதனால ‘இவரு லீ, அப்போ இவரு தாத்தா ராபர்ட் லீ பண்ணையில இருந்தாரு’ன்னு கணக்குப் போடக் கூடாது. கருப்பின லீக்கள்ல அமெரிக்க சினிமா டைரக்டர் ஸ்பைக் லீயை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஜிம்னாஸ்ட் சுனி லீ சைனீஸா?

இல்ல, ம்ஹாங். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஆல்-ரவுண்ட் தங்கம் வாங்குன அமெரிக்கப் பொண்ணு. வியட்நாம் போர் முடிஞ்சப்புறம் லாவோஸ்ல இருந்து அகதியா போன ம்ஹாங் மக்கள் மினசோட்டா பக்கம் நெறைய. அவங்க குலங்கள்ல ஒண்ணுதான் லீ. ஒரே குலத்துல கல்யாணம் கெடையாதுங்கிறது அங்கயும் உண்டு.

அயர்லாந்து, நார்வே லீ?

அயர்லாந்துல ‘லீ’ன்னா கவிதை, பாட்டு சம்பந்தப்பட்ட ஐரிஷ் சொல்லுல இருந்து வந்த குடும்பப் பேரு, அதை இங்கிலீஷ்காரன் தன் வாய்க்குத் தகுந்த மாதிரி வெட்டி எழுதினான். பேருல கவிதை இருந்தாலும் கொனாக்ட் பகுதியில ஒரு லீ குடும்பம் பரம்பரை வைத்தியருங்க.

நார்வேயில மலைச்சரிவுன்னு அர்த்தம். ஐ.நா.வோட முதல் பொதுச்செயலாளர் திரிக்வே லீ நார்வேக்காரர். எம்எஸ்சி மேக்ஸ் படிச்சவங்களுக்கு லீ அல்ஜிப்ரான்னா வயித்தைக் கலக்கும், அந்த சோஃபஸ் லீயும் நார்வேதான். இங்கிலீஷ் எழுத்துல ‘ஐஇ’ன்னு முடியும், அதனால நம்ம ஊர் காலேஜ்ல பாதி வாத்தியாருங்க ‘லை’ன்னே நடத்திட்டுப் போயிடுறாங்க.

ஸ்டான் லீ?

மார்வெல் காமிக்ஸ் ஸ்டான் லீயோட நிஜப் பேரு ஸ்டான்லி மார்ட்டின் லீபர், அப்பா அம்மா ருமேனியாவுல இருந்து வந்த யூதருங்க. ஸ்டான்லிங்கிற தன் பேரையே ரெண்டா ஒடச்சு ஸ்டான் லீ ஆக்கிக்கிட்டாரு. மேல சொன்னேன்ல, ஸ்டான்லியில இருக்கிற லி இங்கிலாந்து காட்டுவெளி லீதான்னு, அப்படிப் பாத்தா இவரு லீ பொய் லீயும் இல்ல. வேற குடும்பத்துல பொறந்து, அசல் இங்கிலீஷ் லீயா முடிஞ்சவரு.

புரூஸ் லீயோட முழுப் பேரு என்ன?

லீ ஜுன்-ஃபான். 1940ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பொறந்தாரு. அப்பா லீ ஹோய்-சுவென் கான்டனீஸ் ஆபரா நடிகர், நாடகம் போட அமெரிக்கா போயிருந்த நேரத்துல பொறந்த புள்ள. புரூஸ்ங்கிறது ஆஸ்பத்திரியில வெச்ச இங்கிலீஷ் பேரு. ஹாங்காங்ல அவரை லீ சியு-லுங்னு சொல்லுவாங்க, சின்ன டிராகன்.

சிங்கப்பூர்ல லீ எவ்ளோ?

அங்க சீனருங்கள்ல டான், லிம், அதுக்கடுத்து லீ. சிங்கப்பூரோட முதல் பிரதமர் லீ குவான் இயூ குடும்பம், தென்சீனாவுல குவாங்டாங் மாகாணத்துத் தாபு பக்கத்து ஹக்காங்கிற சீனப் பிரிவு வழி, கொள்ளுத் தாத்தா காலத்துலயே சிங்கப்பூர் வந்தவங்க. தமிழை ஆட்சிமொழிங்கள்ல ஒண்ணா வெச்ச நாடு, அங்க சம்பாதிச்சு இங்க வீடு கட்டினவங்க டெல்டா பக்கம் ஏகப்பட்ட பேரு, அதனால 2015ல அவரு இறந்தப்ப மன்னார்குடி பக்கமெல்லாம் அஞ்சலி பேனர் வெச்சாங்க. மலேசியா பேட்மிண்டன் லீ சோங் வெய்யும் இதே சீன லீதான்.

இவங்களை எப்படி கூப்பிடணும்? முதல்ல வர்றது பேரா, இனிஷியலா?

சீனம், கொரியா, வியட்நாம் மூணுலயும் குடும்பப் பேரு முதல்ல. லீ சோங் வெய்யை மிஸ்டர் லீன்னு சொல்லணும், நெருங்குனவங்க சோங் வெய்னு சொல்லுவாங்க, மிஸ்டர் வெய்னு சொன்னா பாதிப் பேரைப் புடிச்சு இழுத்த மாதிரி. இங்கிலீஷ்காரங்களுக்குத் தலைகீழ். சினிமா டைரக்டர் ஆங் லீ மாதிரி சில பேரு வெளிநாட்டுக்காரன் வசதிக்காகத் திருப்பிப் போட்டுக்குவாங்க, அதனால லீ கடைசியில வந்தா வெள்ளைக்காரர்னும் முடிவு பண்ணாதீங்க. நமக்கு குடும்பப் பேரே இல்லாம அப்பா பேரை இனிஷியலா போட்டுக்கிட்டு, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்தைப் பாத்து முழிக்கிறதால இதெல்லாம் விநோதமா தெரியுது.

ஒரு லீ எந்த லீன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

கூட இருக்கிற பேரைப் பாருங்க, ஜே-மியங், மின்-ஹோ மாதிரி ரெண்டு துண்டா நடுவுல கோடு போட்டிருந்தா பெரும்பாலும் கொரியா. சோங் வெய், குவான் இயூ மாதிரி தனித்தனியா எழுதினா மலேசியா, சிங்கப்பூர் பக்கம். டேவிட் லீ, கிரேஸ் லீன்னு இருந்தா பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆளுகிட்டயே கேட்டுடலாம், சீனர்னா எந்த எழுத்துன்னு, கொரியர்னா எந்த ஊரு லீன்னு கேளுங்க, சந்தோஷமா சொல்லுவாங்க. அமெரிக்காவுல பொறந்து வளந்தவங்ககிட்ட மட்டும் முதல் சந்திப்புலயே ‘உண்மையில எந்த ஊரு’ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு சலிச்சுப் போயிருப்பாங்க.

லீ ஜீன்ஸ் கம்பெனி சைனீஸா?

அமெரிக்கா. ஹென்றி டேவிட் லீங்கிறவரு 1889ல கான்சாஸ் மாகாணத்துல ஆரம்பிச்சது, முதல்ல மளிகை சாமான் யாவாரம்தான் பண்ணாங்க.